கிழிந்த சட்டையும் கிழியாத கடிதமும்

திருமறையின் யூசுப் அத்தியாயத்தை ஓதாத முஸ்லிம் இல்லம் இராது. அந்த வரலாற்றில் இரண்டு சட்டைகள் சாட்சிக்கு வருகின்றன.

முதற்சட்டை, தம்பியைக் கிணற்றில் தள்ளிய அண்ணன்மார் தந்தை யஃகூப் நபி (அலை) அவர்களிடம் கொண்டுவந்து காட்டியது. அதில் இரத்தம் தோய்ந்திருந்தது. ஓநாய் தின்றுவிட்டது என்று அழுதார்கள். தந்தை நம்பவில்லை. பிள்ளையைக் குதறிய ஓநாய், சட்டையில் ஒரு கிழிசலும் விழாமல் கழற்றி வைத்துவிட்டா தின்றது என்று விரிவுரையாளர்கள் அந்த இடத்தை விளக்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது சட்டை, எகிப்தின் மாளிகையில் கிழிந்தது. குற்றம் சுமத்தியவர் எஜமானியம்மாள். சுமத்தப்பட்டவரோ விலைக்கு வாங்கப்பட்டு வந்த அந்நிய நாட்டு வாலிபர். சாட்சி சொல்ல முன்வந்தவர் அந்த எஜமானியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் யாருடைய யோக்கியதையையும் விசாரிக்கவில்லை. சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது மெய். பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது மெய் என்று முதலில் விதியை வகுத்தார். அதன் பின்னரே சட்டை பார்க்கப்பட்டது. அது பின்புறம் கிழிந்திருந்தது. வழக்கு தீர்ந்தது.

விதி முந்தியது, பார்வை பிந்தியது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டையை முதலில் பார்த்துவிட்டு, குற்றவாளி இன்னார் என்று மனத்திலே முடிவும் செய்துவிட்டு, அதன் பிறகு கிழிசலுக்குக் காரணம் தேடியிருந்தால், பின்புறக் கிழிசலுக்கும் ஒரு கதை கிடைத்திருக்கும். அடிமையின் வார்த்தையை விட எஜமானியின் வார்த்தை எடை கூடியதாக இருந்திருக்கும்.

இன்றைய தடய அறிவியல் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது இந்தத் தலைகீழ் வரிசைதான் என்பதே நமது குற்றச்சாட்டு. இரத்தமும், ரேகையும், கையெழுத்தும் பொய் சொல்லமாட்டா என்று நீதிமன்றம் நம்புகிறது, பத்திரிகை நம்புகிறது, நாமும் நம்புகிறோம். அவை பொய் சொல்லமாட்டா என்பது மெய்தான். ஆனால் அவை தாமாகப் பேசுவதுமில்லை. அவற்றுக்காக ஒரு மனிதர் பேசுகிறார். அந்த மனிதரின் காதில், அவர் பார்ப்பதற்கு முன்பே, ஒரு கதை ஓதப்பட்டுவிடுகிறது.

எப்படி ஓதப்படுகிறது என்று பார்ப்போம். எங்கள் சேரன்மகாதேவியிலோ, பக்கத்திலுள்ள வீரவநல்லூரிலோ ஒரு மரணம் நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதப்படுகிறது. பார்வை மகஜர் தயாராகிறது. சட்டை, அரிவாள், இரத்தம் தோய்ந்த மண் ஆகியவை கைப்பற்றப்பட்டு, முத்திரையிடப்பட்டு, நீதிமன்றத்தின் வழியாகத் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. கூடவே ஒரு கடிதமும் போகிறது. அதில் வழக்கின் சுருக்கம் இருக்கும். இறந்தவர் பெயர் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் இருக்கும். இன்ன பகையினால் இன்னார் இப்படிச் செய்தார் என்ற காவல்துறையின் முடிவும் இருக்கும்.

நமது நாட்டில் பெயரைச் சொன்னால் போதும், மதம் தெரிந்துவிடும். தகப்பனார் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் சாதியும் தெரிந்துவிடும். அரிவாளில் உள்ள இரத்தம் எந்த வகை என்று பார்க்க வேண்டியவருக்கு, அரிவாளைப் பிடித்தவனின் குலம் கோத்திரம் எதற்கு?

எங்கள் ஊருக்கு அடுத்தது பத்தமடை. தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, பட்டுப்போல் பாய் நெய்யும் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர். இன்னாருடைய தறியில் நெய்த பாய் என்று புகழ்ந்து சொல்லிவிட்டுக் கையில் கொடுத்தால், அதை வாங்குகிறவரின் விரலுக்குச் சாதாரணப் பாயும் வழுவழுவென்றுதான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய விரல் அப்படித்தான் உணர்கிறது. தரம் அறிய வேண்டுமானால் தறியின் பெயரை மறைத்துவிட்டுப் பாயைக் கொடுக்க வேண்டும். பொன்னை உரைக்கும் கல்லும் நகை யாருடையது என்று கேட்பதில்லை. பாய்க்கும் பொன்னுக்கும் உள்ள இந்த நியாயம் மனிதனின் கழுத்துக்கு இல்லையா?

இது வெறும் ஐயம் என்று எவரும் தள்ளிவிட முடியாது. 2004ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் பதிந்திருந்த விரல் ரேகையின் படம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பப்பட்டது. கணினி, தன் சேமிப்பிலிருந்து ஒத்துப்போகக்கூடிய 20 பேரின் ரேகைகளை எடுத்துக் கொடுத்தது. அவற்றில் நான்காவதாக இருந்தது பிராண்டன் மேஃபீல்டு என்பவருடையது. அவர் ஆரிகன் மாநிலத்தில் வழக்கறிஞர், முன்னாள் இராணுவ வீரர், இஸ்லாத்தைத் தழுவியவர், எகிப்து நாட்டுப் பெண்மணியை மணந்தவர். ரேகை அவருடையதே, ஐயமில்லை என்றார் ஒரு நிபுணர். இரண்டாமவர் சரிபார்த்து ஆமாம் என்றார். மூன்றாமவரும் ஆமாம் என்றார்.

ஏப்ரல் 13ஆம் நாள் ஸ்பெயின் தேசியப் போலீசார், ரேகை ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகாவது எஃப்.பி.ஐ. மறுபடி அமர்ந்து பார்த்ததா? இல்லை. ஸ்பெயின்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆளை அனுப்பியது. மே 6ஆம் நாள் மேஃபீல்டைக் கைது செய்தது. நீதிமன்றம் நியமித்த தனி நிபுணர் ஒருவரும் எஃப்.பி.ஐ. சொன்னதையே திருப்பிச் சொன்னார். அதே வேளையில் ஸ்பெயின் போலீசார் அந்த ரேகைக்கு உரிய அல்ஜீரியர் ஒருவரை அடையாளம் கண்டு அறிவித்துவிட்டார்கள். மேஃபீல்டு மே 20ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இங்கே நாம் நியாயம் தவறிப் பேசக்கூடாது. அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் இதை விசாரித்து 2006இல் அறிக்கை வெளியிட்டார். முதன்முதலில் ரேகையை ஒப்பிட்டபோது நிபுணர்களுக்கு மேஃபீல்டின் மதம் தெரியாது என்பதை அந்த அறிக்கை ஒப்புகிறது. ரேகைகள் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன என்பதையும் சொல்கிறது. ஆனால் அதே அறிக்கை வேறு இரண்டு செய்திகளையும் சொல்கிறது. ஒன்று: மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, அதில் கண்டவற்றை மங்கலான தடயத்திலே தேடி, இருப்பதாகக் கண்டுகொண்டார்கள். ஒவ்வாத பகுதிக்கு, அது வேறொரு தொடுதலின் பதிவு என்று சமாதானம் கற்பித்துக்கொண்டார்கள். மற்றொன்று: ஸ்பெயின் மறுத்த பிறகும் அவர்கள் மறுபரிசீலனை செய்யத் தயங்கியதற்கு, அதற்குள் தெரியவந்துவிட்ட அவருடைய மதமும் தொடர்புகளும் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். வேறு விதமான ஆளாக இருந்திருந்தால் இன்னும் ஐயத்தோடு திரும்பப் பார்த்திருப்போம் என்று அந்தக் கூடத்தைச் சேர்ந்த ஒருவரே மனம் திறந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வாததற்கும் சமாதானம் கற்பிப்பது புதிய நோயன்று. 1894இல் பிரான்ஸ் நாட்டில் டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியபோது, பெர்ட்டியோன் என்ற புகழ்பெற்ற போலீஸ் நிபுணர் என்ன சொன்னார்? கடிதத்தின் கையெழுத்து டிரைஃபஸின் கையெழுத்தோடு ஒத்த இடங்கள் அவர்தான் எழுதினார் என்பதற்குச் சான்று. ஒவ்வாத இடங்கள் அவரே வேண்டுமென்று மாற்றி எழுதினார் என்பதற்குச் சான்று! ஒத்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிட்டாலும் குற்றவாளி. அந்தக் களங்கம் துடைக்கப்பட 1906 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று யூதர், நேற்று முஸ்லிம், நாளை யாரோ.

மேஃபீல்டு விவகாரத்துக்குப் பின் இத்தியல் ட்ரோர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள், 2006இல் வெளியிட்டார்கள். அனுபவம் முதிர்ந்த ரேகை நிபுணர்கள் ஐவர். ஒவ்வொருவரும் பல ஆண்டுகளுக்கு முன் தாமே ஒத்துப்போகிறது என்று முடிவு சொன்ன ஒரு ஜோடி ரேகையை அவரிடமே மீண்டும் கொடுத்தார்கள். இது எஃப்.பி.ஐ. தவறு செய்த மேஃபீல்டு ரேகை என்று மட்டும் ஒரு சொல்லைப் போட்டுவைத்தார்கள். முடிவு என்ன? மூவர் ஒத்துப்போகவில்லை என்றனர். ஒருவர் முடிவு செய்யப் போதிய விவரமில்லை என்றார். ஒரே ஒருவர்தான் தம் பழைய முடிவில் நின்றார். ரேகை அதே ரேகை; கண் அதே கண். மாறியது காதிலே விழுந்த ஒரு சொல் மாத்திரமே.

மரபணுச் சோதனைக்கு இந்தக் குறை இல்லை என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். பலருடைய மரபணு கலந்துவிட்ட ஒரு தடயத்தை, வழக்கின் கதையைச் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு கதை தெரிந்த நிபுணர்கள், குற்றம் சாட்டப்பட்டவரை விலக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். கதை தெரியாத 17 பேரில் ஒருவரே அதற்கு உடன்பட்டார். 12 பேர் அவர் அல்லர் என்று விலக்கினர். நால்வர் முடிவு சொல்ல இயலாது என்றனர். இது 2011இல் வெளிவந்த ஆய்வு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் குஜராத்தின் காந்திநகரில் அக்ஷர்தாம் கோயிலுக்குள் இருவர் புகுந்து சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாவிகள் மாண்டார்கள். அந்தப் பாதகத்தைக் கண்டிக்காத முஸ்லிம், முஸ்லிம் ஆகான். சுட்ட இருவரும் அதிரடிப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய கால்சட்டைப் பையிலிருந்து உருதுக் கடிதங்கள் இரண்டு எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் கைதானவர்களில் ஒருவர் ஒரு முஃப்தி. கடிதங்களின் கையெழுத்து அவருடையதே என்று கையெழுத்து நிபுணரின் கருத்து நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. பொடா நீதிமன்றம் 2006இல் அவர் உட்பட மூவருக்கு மரண தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் 2010இல் அதை உறுதி செய்தது.

கொல்லப்பட்டவர்களின் உடல்களைக் குண்டுகள் துளைத்திருந்தன. உடைகள் எங்கும் துளைகள், எங்கும் இரத்தம். ஆனால் அந்த உடையின் பைக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களில் ஒரு துளையில்லை. ஒரு சொட்டு இரத்தமில்லை! யஃகூப் நபியின் முன் வைக்கப்பட்ட சட்டையில் இரத்தம் இருந்தது, கிழிசல் இல்லை. இங்கே கிழிசலும் இல்லை, இரத்தமும் இல்லை. மகனை இழந்த முதியவர் ஒருவர் கண்ணீருக்கிடையே கண்ட உண்மையைக் காண நம் நாட்டின் நீதிமன்றங்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின! 2014ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அக்கடிதங்களை நம்ப மறுத்து, தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள் அது. அந்த இரைச்சலில் இந்தத் தீர்ப்பு எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

அந்தக் கையெழுத்து நிபுணரின் உள்ளத்தை நாம் அறியோம். உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நாம் கேட்பது அவருடைய நேர்மையைப் பற்றிய கேள்வியன்று. முறையைப் பற்றிய கேள்வி. நாடே கொதித்து நிற்கும் ஒரு வழக்கில், இவன்தான் எழுதினான் என்ற முடிவோடு சேர்த்து ஒரு தாளை நீட்டினால், மனிதராகப் பிறந்த எவருடைய கண்தான் கலங்காமல் பார்க்கும்?

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. பயிற்சி பெற்ற நிபுணர் கதைக்கு மயங்கமாட்டார் என்பர். மேலே சொன்ன ஐவரும், பதினேழு பேரும், எஃப்.பி.ஐ.யின் மூவரும் பயிற்சி பெறாதவர்களா? வழக்கு விவரம் தெரிந்தால்தானே எதைத் தேடுவது என்று தெரியும் என்பர். இதில் பாதி உண்மை இருக்கிறது. நஞ்சுண்டு இறந்தவரின் உள்ளுறுப்பைச் சோதிப்பவருக்கு எந்த நஞ்சு என்று சந்தேகம், மருத்துவமனையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பன தெரியத்தான் வேண்டும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவன் காவல் நிலையத்தில் என்ன ஒப்புக்கொண்டான், அவன் எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவன், அவன் மீது பழைய வழக்கு எத்தனை என்பன அந்தக் குடுவைக்குள் எந்த நஞ்சைக் காட்டும்? தேவையானதைக் கொடுங்கள், தேவையற்றதை மறையுங்கள் என்பதே நம் வாதம்.

நம்மவர்களில் ஒரு சாரார் எதிர்த்திசையில் போகிறார்கள். இந்த அறிவியலே சூழ்ச்சி, அரசின் ஆய்வுக்கூடமே மோசடி என்கிறார்கள். இதுவும் தவறு. மேஃபீல்டைச் சிறையிலே தள்ளியதும் ரேகை அறிவியல்தான். அவரை மீட்டதும் அதே ரேகை அறிவியல்தான். அந்த அறிவியலில் நமக்கு உரிமையும் உண்டு. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக்கென அமைந்த முதற்கூடத்தில், லட்சக்கணக்கான ரேகைகளை 1024 பிரிவுகளில் அடக்கும் கணக்கை வகுத்துத் தந்தவர் வங்காளத்து அஜீஸுல் ஹக். உடனுழைத்தவர் ஹேம சந்திர போஸ். பெயர் மட்டும் ஹென்றி துரைக்குப் போயிற்று! நாம் தந்த கணக்கை நாமே வெறுத்தொதுக்குவது அறிவீனம்.

இன்னொரு சாரார் நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மஹல்லாவில் ஒரு பையன் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்த வீட்டுக்குச் சலாம் சொல்வதை நிறுத்துகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பேசிய நிக்காஹ்வை முறிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் கடிதத்தைக் குறை சொல்லும் நாம், தெருவிலே பரவும் கதையை மட்டும் அப்படியே விழுங்கலாமா? செய்தி கொண்டு வருபவனைத் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிட்டது யாருக்கு?

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்துள்ள ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஜைது (ரலி) வெண்மை. அவர் மைந்தர் உஸாமா (ரலி) கருமை. நிறத்தைக் காட்டிச் சிலர் புறம் பேசினார்கள். தந்தையும் மகனும் தலையோடு போர்த்திப் பாதம் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தபோது, பாதக்குறி அறிந்த முஜஸ்ஸிஸ் என்பவர் பார்த்து, இந்தப் பாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. பாதக்குறியைச் சட்டச் சான்றாகக் கொள்வதில் ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் வேறுபடுகின்றன. அந்த விவாதம் இங்கே வேண்டாம். முகம் மூடியிருந்தது, புறம்பேச்சு அந்த வார்த்தையில் நுழையவில்லை, பாதம் மட்டும் பேசியது. ஆய்வுக்கூடத்துக்கு நாம் கேட்பது அந்தப் போர்வையைத்தான்.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று தடயம் திரட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நிறைவேற்ற ஐந்தாண்டு வரை அவகாசம் பெற்றிருக்கின்றன. அரசு நிபுணர்களின் அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாகக் கொள்ளும் பழைய விதியும் 329ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆய்வுக்கூடத்தின் வார்த்தைக்கு எடை ஏறிக்கொண்டே போகிறது. உரைகல்லில் மாசு இருந்தால் அதைத் துடைக்க வேண்டிய காலம் இதுவே.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஆய்வுக்கூடத்தில் கதையைப் படிக்க ஓர் அலுவலர் இருக்கட்டும். தடயத்தைப் பார்க்கும் நிபுணர் வேறொருவராக இருக்கட்டும். சந்தேக நபரின் ரேகையையோ கையெழுத்தையோ பார்ப்பதற்கு முன், தடயத்தில் தாம் கண்டவற்றை நிபுணர் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கட்டும். மேஃபீல்டு விவகாரத்தில் பட்டபின் எஃப்.பி.ஐ. கற்ற பாடம் இது. ஒருவருடைய மாதிரியை மட்டும் அனுப்பாமல், தொடர்பில்லாத பலருடைய மாதிரிகளையும் கலந்து அனுப்பட்டும். சரிபார்க்கும் இரண்டாமவருக்கு முதலாமவரின் முடிவு தெரியாமல் இருக்கட்டும். ஆய்வுக்கூடங்கள் காவல்துறையின் நிழலில் இல்லாமல் தனித்து நிற்கட்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை 2009இல் இதையே வலியுறுத்தியது. ஹூஸ்டன் நகரம் 2014இல் தன் கூடத்தைக் காவல்துறையிலிருந்து பிரித்தே காட்டிவிட்டது. 1849இலேயே இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் கூடத்தைக் கண்ட சென்னைக்கு இது ஆகாத காரியமா?

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற நம் கல்லூரிகளில் வேதியியலும் உயிரியலும் பயிலும் பிள்ளைகளில் சிலராவது தடய அறிவியலுக்குள் நுழைய வேண்டும். முஸ்லிம்களுக்குச் சாதகமாகப் பேசுவதற்காக அன்று. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்யவேண்டாம் என்று மாயிதா அத்தியாயம் இட்ட கட்டளையை அந்த மேசையில் நிறைவேற்றுவதற்காக. வழக்கு நடத்தும் நம் வழக்கறிஞர்கள், நிபுணரின் அறிக்கையை மட்டும் வாங்கிப் படித்துவிட்டு ஓயக்கூடாது. ஆய்வுக்கூடத்துக்கு எழுதிய கடிதம் எங்கே? நிபுணரின் குறிப்பேடு எங்கே? எதை முதலில் பார்த்தார், எதைப் பிறகு பார்த்தார்? இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு வழக்கிலும், குற்றம் சாட்டப்பட்டவர் எம்மதத்தவராயினும், கேட்க வேண்டும்.

யூசுப் நபி (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததை எல்லோரும் கண்டார்கள். கண்ட பிறகும் அவரைச் சிறையில்தான் வைத்தார்கள் என்று திருமறை சொல்கிறது. உண்மை வெளிப்படுவது மட்டும் போதாது. வெளிப்பட்ட உண்மையின் பக்கம் நிற்க ஆள் வேண்டும். சமுதாயம் அந்த ஆளாக எழுந்து நிற்கட்டும்.